வகுப்பறையில் எல்லாக் குரல்களும்

நுழையும்முன்

ஆசிரியர் வினவும்போது உயரும் கைகள் சில. உயராத கைகளே பல. அமைதியாக அமர்ந்திருப்பவர் என்ன எண்ணுகிறார் என்பதை அறிய ஆசிரியருக்கு நெடுங்காலம் தேர்வுத்தாள் ஒன்றே துணையாக இருந்தது. இன்று இணையவழிக் கருவிகள் சில அதனை அந்த வகுப்புவேளையிலேயே அறியத் துணைசெய்கின்றன. அவற்றின் பயனையும் எல்லையையும் காஞ்சிபுரத்துச் சூழலில் வைத்து விளக்குகிறது இக்கட்டுரை.

எழாத கைகள்

ஐம்பது பேர் அமர்ந்திருக்கும் மேல்நிலை வகுப்பொன்றில் ஆசிரியர் ஒரு வினாவைத் தொடுக்கிறார். மூன்று கைகள் உயர்கின்றன. அம்மூவருள் ஒருவர் சரியான விடையைக் கூறுகிறார். பாடம் அடுத்த பத்திக்கு நகர்கிறது. எஞ்சிய 47 பேரும் அவ்விடையை அறிந்திருந்தனரா, அறியாதிருந்தனரா, அன்றித் தவறாக அறிந்திருந்தனரா என்பது எவருக்கும் தெரியாமலே போகிறது. இது ஆசிரியரின் குறையன்று. 45 நிமிடத்தில் ஐம்பது பேரையும் தனித்தனியே வினவுதல் இயலாது.

வினாவிற்கும் விடைக்கும் இடையிலான நேரமும் இதில் பங்கு வகிக்கிறது. அமெரிக்கக் கல்வியியல் ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். வினாவை எழுப்பிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நொடியளவே என்று 1970களில் வெளியான அவருடைய ஆய்வுகள் காட்டின. காத்திருப்பு மூன்று நொடியாக நீண்டபோது விடைகளின் நீளம் கூடியது. முன்பு வாய் திறவாத மாணவரும் பேசத் தொடங்கினர். ஒரு நொடியில் விடை சொல்லக்கூடியவர் முன்னரே விடை அறிந்தவர் மட்டுமே. எண்ணிப் பார்த்து விடை காண்பவருக்கு அந்த ஒரு நொடி போதாது.

காலமின்மை மட்டும் அமைதிக்குக் காரணமன்று. தவறாகச் சொன்னால் உடன்பயில்வோர் நகைப்பர் என்னும் அச்சம் உண்டு. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசுவோருக்குச் சொல் தேடும் தயக்கம் உண்டு. காஞ்சிபுரத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக வழங்கும் நெசவுக் குடும்பங்கள் பல. பெற்றோர் இருவரும் பள்ளி வாயிலைக் கடவாத வீட்டிலிருந்து முதல் தலைமுறையாக மேல்நிலை வகுப்பிற்கு வருவோரும் அங்கு உள்ளனர்.

அவ்வூரின் புகழ்பெற்ற கோர்வைச் சேலை இருவர் சேர்ந்து நெய்வது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருப்பதால், நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தர மற்றொருவர் தேவை. முன்னாளில் அந்த இரண்டாம் இருக்கையில் பெரும்பாலும் சிறுவர்களே அமர்ந்தனர். அவர்களைத் தறியிலிருந்து பள்ளிக்கு அழைத்துவரப் பல்லாண்டு முயற்சி வேண்டியிருந்தது. அவ்வாறு வந்த குடும்பத்துப் பிள்ளை, வகுப்பில் ஆண்டு முழுவதும் ஒரு சொல்லும் பேசாமல் பள்ளிப்படிப்பை முடித்துச் செல்லுமாயின் வருகைப்பதிவேடு மட்டுமே நிறைவு பெற்றதாகும்.

நன்னூல் இடும் கணக்கு

மாணாக்கர் பங்கேற்பு மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கருத்து என்று எண்ணுவோர் நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். கற்கும் முறைகளுள் வினவுதலையும், பிறர் வினவியவற்றுக்கு விடையிறுத்தலையும் பவணந்தி முனிவர் சேர்த்துள்ளார். அதனோடு நில்லாமல் ஒரு கணக்கும் இடுகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணாக்கர் பெறுவது புலமையில் காற்பங்கே. உடன்பயில்வோருடன் பழகிக் கற்பதால் மேலும் காற்பங்கு கிட்டும். பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய பாதியும் நிறையும். ஆசிரியர்க்குக் காற்பங்கு மட்டுமே தரும் இக்கணக்கு, ஆசிரியர்களால் பல நூற்றாண்டுகளாகப் பாடம் சொல்லப்பட்டு வருவது வியப்பிற்குரியது.

காஞ்சி நகருக்கும் இம்மரபோடு தொடர்புண்டு. பல்லவர் காலத்தில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையம் அங்குச் சிறந்து விளங்கியது. பின்னர்க் கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் தம் ஆசிரியருடன் கற்பதற்காகக் காஞ்சிக்கு வந்த செய்தியைக் கருநாடக மாநிலத்தின் தாளகுந்தா கல்வெட்டு தெரிவிக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் தலைவி சமயவாதியர் ஒவ்வொருவரையும் வினவி, அவர்தம் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள்.

திண்ணைப்பள்ளிகளில் மூத்த மாணவராகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தார். சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் காலேஜ் என்னும் பள்ளி இன்றும் அப்பெயருடன் இயங்குகிறது.

ஒரு பேராசிரியரின் திகைப்பு

இன்றைய இணையவழிக் கருவிகளுக்குப் பின்னால் உள்ள கருத்து, கருவிகளுக்கு முன்பே தோன்றியது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், கடினமான கணக்குகளைத் தீர்க்கும் தம் மாணவர்களுக்கு மிக எளிய கருத்து வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். பாரமான சரக்குந்தும் சிறிய மகிழுந்தும் மோதிக்கொண்டால் எது மற்றதன்மீது மிகுதியான விசையைச் செலுத்தும் என்பது போன்ற வினாக்கள் அவை. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மாணவர் பலர் இதில் தடுமாறினர். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நாங்கள் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டதாக மசூர் குறிப்பிடுகிறார்.

மீண்டும் மீண்டும் விளக்கியும் பயனின்றிப் போகவே, பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள் என்று அவர் சொன்னார். சில நிமிடங்களில் வகுப்பின் பெரும்பகுதி தெளிவடைந்தது. சற்றுமுன் புரிந்துகொண்ட மாணவருக்கு, எங்கே இடறல் ஏற்படும் என்பது நினைவில் இருக்கிறது. பல்லாண்டு முன் கற்ற பேராசிரியருக்கு அது மறந்துபோயிருக்கிறது. 1991 முதல் மசூர் இதனை ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டார். வினா ஒன்று, தனித்தனியே எண்ணி விடையளித்தல், அருகிருப்பவரோடு விவாதித்தல், மீண்டும் விடையளித்தல், பின்னரே ஆசிரியர் விளக்கம். முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாக விடையளிக்கும் வினாவே விவாதத்திற்கு ஏற்றது. எல்லாரும் அறிந்த வினாவில் பேச எதுவுமில்லை. எவரும் அறியாத வினாவிலும் பேச எதுவுமில்லை.

இம்முறையின் பயனை ரிச்சர்டு ஹேக் என்னும் இயற்பியலறிஞர் 1998இல் வெளியிட்ட ஆய்வு எண்ணிக்கையால் காட்டியது. 62 பாடப்பிரிவுகளில் பயின்ற 6,542 மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை அவர் ஒப்பிட்டார். விரிவுரை மட்டும் கேட்டவர்களைவிட, வகுப்பிலேயே பேசியும் செய்தும் பயின்றவர்கள் அடைந்த கருத்துத்தெளிவு சராசரியாக இருமடங்கு இருந்தது.

முதலில் தாளிலும் அட்டையிலும் பெறப்பட்ட விடைகளைப் பின்னர்க் கையடக்கப் பொத்தான் கருவிகள் திரட்டின. அவற்றின் இடத்தை இணையமும் திறன்பேசியும் பிடித்தன.

கருவிகள் சில

நார்வே நாட்டில் ஆல்ஃப் இங்கே வாங் என்னும் பேராசிரியரின் ஆய்விலிருந்து உருவாகி 2013இல் வெளிவந்தது கஹூட். திரையில் வினா தோன்ற, மாணவர் தம் கருவியில் நிறத்தைத் தொட்டு விடை தருவர். விரைவுக்கும் சரிக்கும் சேர்த்துப் புள்ளிகள் கிடைக்கும். சுவீடனில் தோன்றிய மென்டிமீட்டர், கருத்துக்கணிப்பிற்கும் சொற்களைத் திரட்டிக் காட்டுவதற்கும் பயன்படுகிறது. பலரும் எழுதிய சொல் பெரிதாகவும் ஒருவரே எழுதிய சொல் சிறிதாகவும் திரையில் விரியும். பெங்களூரில் 2015இல் குவிஸிஸ் என்னும் பெயரில் தொடங்கப்பட்ட தளம், அவரவர் வேகத்தில் வினாக்களைக் கடக்க இடந்தருகிறது. பேட்லெட் ஒரு பொதுச்சுவர். எழுத்து, படம், ஒலி எதனையும் அதில் ஒட்டலாம்.

விடை கேட்பனவன்றிச் செய்துபார்க்கத் தருவனவும் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் உருவகப்படுத்தல்கள், மின்சுற்றையோ ஊசலையோ திரையில் மாற்றி மாற்றிப் பார்க்க உதவுகின்றன. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் உருவாக்கிய ஜியோஜீப்ரா, வடிவியலுக்கும் இயற்கணிதத்திற்கும் பாலமிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இடம்பெறும் இணையச் செயல்பாடுகள் வழியாகவும் க்யூ.ஆர். எனப்படும் விரைவுக் குறியீடுகள் வழியாகவும் இத்தகைய வளங்கள் பல மாணவருக்கு முன்பே அறிமுகமானவை.

சிங்கப்பூரில் தமிழ் பயிலும் மாணவரும் இவ்வகைக் கருவிகளைக் கையாளுகின்றனர். அந்நாட்டுக் கல்வி அமைச்சு 2018இல் அனைத்துப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்த மாணவர் கற்றல் தளத்தில் தாய்மொழிப் பாடங்களும் அடங்கும்.

தெரிந்து தெளிவோம்

ஆசிரியர்களும் மாணவர்களும் பாடவளங்களைப் பெறும் தீக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 முதல் ஒளிபரப்பாகிறது. தமிழ்நாட்டின் மணற்கேணி செயலி பாடங்களைக் காணொளிகளாக வழங்குகிறது. இவை மூன்றும் பெரும்பாலும் பாடத்தை மாணவரிடம் கொண்டுசெல்லும் வழிகள். மாணவரின் எண்ணத்தை ஆசிரியரிடம் கொண்டுவரும் வழிகள் இக்கட்டுரையின் பொருள்.

திறன்பேசி இல்லாத வகுப்பில்

மேற்கண்டவற்றுள் பல, மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருப்பதாகக் கொண்டு அமைக்கப்பட்டவை. நம் பள்ளிகளில் மாணவர் திறன்பேசி கொண்டுவருவதில்லை; கொண்டுவரத் தேவையுமில்லை. உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் அக்கணினிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆய்வகம் ஒன்று, வகுப்புகள் பல. வாரத்தில் ஒரு பாடவேளை வாய்த்தால் அரிது.

இத்தடையை எளிதாகக் கடக்கிறது பிளிக்கர்ஸ். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பிற்காகவே உருவாக்கியது இது. மாணவருக்கு வேண்டியது அச்சிட்ட தாள் அட்டை ஒன்றே. அட்டையின் நடுவில் கருஞ்சதுரங்களால் ஆன கோலம் போன்ற ஒரு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். எந்த விடை சரியெனத் தோன்றுகிறதோ அந்த எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் திறன்பேசியின் ஒளிப்படக்கருவியால் வகுப்பை ஒருமுறை வலம்வரச் செய்தால் அத்தனை விடைகளும் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வெவ்வேறானது. ஆகவே பக்கத்தில் இருப்பவர் எவ்விடையைக் காட்டுகிறார் என்பதைப் பார்த்தவுடன் அறிய இயலாது. ஒரு திறன்பேசி, ஒரு கட்டு அட்டை. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் விடையளித்துவிடுகின்றனர். நகைப்பாருக்கு அஞ்சிய மாணவரும் அவர்களுள் அடக்கம்.

'பட்டுச்சேலை' கற்பித்தது

இதன் பயனை உணரக் காஞ்சிபுரத்து வகுப்பொன்றில் தொகைநிலைத் தொடர்கள் கற்பிக்கப்படுவதாக எண்ணிக்கொள்வோம். 'பட்டுச்சேலை என்பது எவ்வகைத் தொகை?' என்பது வினா. வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பன நான்கு விடைகள். அட்டைகள் உயர்கின்றன. பண்புத்தொகை என்போர் 28 பேர். உடன்தொக்க தொகை என்போர் 18 பேர். எஞ்சிய நால்வர் பிற விடைகளைக் காட்டுகின்றனர். கை உயர்த்தும் முறையில் வினவியிருந்தால் அந்தப் பதினெண்மருள் ஒருவர் 'பட்டால் ஆகிய சேலை' என்று கூறியிருப்பார், பாடமும் முடிந்திருக்கும்.

ஆசிரியர் இப்போது சரியான விடையைச் சொல்வதில்லை. விடை எதுவென்று காட்டாமல் எண்ணிக்கையை மட்டும் காட்டி, மாறுபட்ட விடை தந்தவரோடு மூன்று நிமிடம் பேசுமாறு பணிக்கிறார். பண்புத்தொகை என்போர் இருவகையாகக் காரணம் கூறுகின்றனர். சேலை எப்படிப்பட்டது என்பதைப் பட்டு என்னும் சொல் உணர்த்துவதால் அது பண்பு என்பது சிலர் வாதம். மற்றொரு வாதம் தறி உள்ள வீட்டிலிருந்து வருகிறது. அங்குப் 'பட்டு' என்றாலே சேலைதான்; 'இந்த மாதம் இரண்டு பட்டு நெய்தோம்' என்பது அன்றாடப் பேச்சு. எனவே பட்டாகிய சேலை என்று விரித்து, சாரைப்பாம்பு போல இருபெயரொட்டுப் பண்புத்தொகை எனக் கொள்ளலாகாதா?

இது விடை தெரியாமையன்று. நன்கு எண்ணிய ஒரு வாதம். பட்டு என்பது முதலில் இழையின் பெயர், அவ்விழையால் ஆன ஆடைக்கு அது ஆகுபெயராய் வழங்குகிறது என்று ஆசிரியர் விளக்க வேண்டிய இடம் இதுவே. பொற்குடம் என்பதைப் பொன்னால் ஆகிய குடம் என்று விரிப்பது போலப் பட்டுச்சேலையும் பட்டால் ஆகிய சேலை என விரியும். 'ஆல்' உருபும் 'ஆகிய' என்னும் பயனும் தொக்கு நிற்கின்றன. பண்புத்தொகைக்குச் சான்று வேண்டுமெனில் செம்பட்டு இருக்கிறது. செம்மை அங்குப் பண்பு. வினைத்தொகைக்கு நெய்தறி இருக்கிறது. நெய்த தறி, நெய்கின்ற தறி, நெய்யும் தறி என முக்காலத்திற்கும் அது பொருந்தும். நூலில் உள்ள சான்றுகளை ஒப்பிப்பதைவிட, ஊரின் தெருவில் கிடைக்கும் இம்மூன்று சொற்களும் இலக்கணத்தை நெருக்கமாக்குகின்றன. ஆகுபெயரைப் பாடத்திற்குள் கொண்டுவந்தது தவறான விடை தந்த ஒருவரின் வாதம் என்பதும் கருதத்தக்கது. அட்டை இல்லையேல் அவர் கை உயர்த்தியிருக்கமாட்டார்.

பொதுச்சுவரில் தறிச்சொற்கள்

நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவுசெய்வது பங்கேற்பின் தொடக்கநிலை. அதற்கு அடுத்தநிலை, மாணவர் தாமறிந்ததைத் தருவது. ஆய்வகத்தில் ஒரு பாடவேளை கிடைக்குமாயின் பொதுச்சுவர் ஒன்றைத் திறந்து, 'உங்கள் வீட்டில் அல்லது தெருவில் வழங்கும் தறிச்சொல் ஒன்றை எழுதி விளக்குக' என்று கேட்கலாம். பாவு, ஊடை, நாடா, தார், அச்சு, விழுது, கரை, முந்தி, சரிகை எனச் சொற்கள் வந்து ஒட்டத் தொடங்கும். ஊடைக்கான நூலைச் சிறு குழலில் சுற்றுவது தார் சுற்றுதல் என்று ஒருவர் எழுத, தம் பாட்டி அன்றாடம் செய்யும் வேலை அது என்று மற்றொருவர் கீழே குறிப்பார். நெசவோடு தொடர்பற்ற குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது வினவுவோராக மாறுகின்றனர். ஆசிரியரே அறியாத சொற்களும் வரக்கூடும். கலைச்சொல் என்னும் பாடத்திற்கு இதைவிட நல்ல வாயில் அமைவது அரிது.

இங்கு ஒரு கண்டிப்பு வேண்டும். பெயர் மறைத்து எழுத இடங்கொடுத்தால் கூச்சமுடையோர் எழுதுவர், குறும்பரும் எழுதுவர். ஆசிரியர் பார்த்து ஒப்பிய பின்னரே பதிவு அனைவருக்கும் தெரியுமாறு அமைக்கும் வசதி இத்தளங்களில் உண்டு. அதனைப் பயன்படுத்துதல் நன்று.

விரைவும் விளையாட்டும்

விளையாட்டு வடிவக் கருவிகள் வகுப்பை ஆரவாரத்தில் ஆழ்த்துகின்றன. ஆரவாரத்தைப் பங்கேற்பு என்று கொள்வது தவறு. விரைந்து விடையளித்தவருக்கு மிகுந்த புள்ளி என்னும் விதி, மேரி பட் ரோ கண்ட ஒரு நொடிச் சிக்கலைப் புதிய உடையில் மீண்டும் கொண்டுவருகிறது. பெயர்ப்பட்டியலின் அடியில் தம் பெயரைத் திரையில் காணும் மாணவர், முன்பு அமைதியால் மறைத்துக்கொண்டதை இப்போது அனைவர்முன்னும் இழக்கிறார். விரைவுப்புள்ளியை நீக்கும் அமைப்பு கஹூட்டிலேயே இருக்கிறது. சிந்திக்க வேண்டிய வினாக்களுக்கு அதனை நீக்கிவிடுவதே முறை. தகவலை நினைவூட்டும் எளிய வினாக்களுக்கு வேண்டுமானால் ஓட்டப்பந்தயம் இருக்கலாம்.

தனியுரிமையும் எண்ணத்தக்கது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறைவடையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்னும் பொதுவிதியை வகுக்கிறது. பதினொன்றாம் வகுப்பினர் இவ்வரையறைக்குள் வருவர். மாணவரின் முழுப்பெயர், பிறந்தநாள், தொலைபேசி எண் ஆகியவற்றை அயல்நாட்டுத் தளமொன்றில் பதிந்துவைக்க வேண்டிய தேவை எந்த இலக்கண வினாவிற்கும் இல்லை. அட்டை எண் 1 முதல் 50 வரை இட்டு, எவ்வெண் எவருக்குரியது என்னும் குறிப்பை ஆசிரியர் தம் ஏட்டில் வைத்துக்கொண்டால் போதும். மின்சாரமோ இணையமோ தடைப்படும் நாளில் நான்கு நிறத் தாள்களை மடித்துக் காட்டியும் இதே பாடத்தை நடத்தலாம்.

வினா இயற்றும் மாணவர்

நன்னூல் கூறும் எஞ்சிய பாதி, பிறருக்கு எடுத்துரைப்பதில் உள்ளது. அதற்கு வழி, வினாக்களை மாணவரே இயற்றுவது. இது தோன்றும் அளவிற்கு எளிதன்று. சரியான விடையை எழுதுவது ஒரு நிமிட வேலை. பொருத்தமான மூன்று பிழைவிடைகளை அமைப்பதற்குப் பாடத்தை உள்ளும் புறமும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் எங்கே, ஏன் தவறக்கூடும் என்று எண்ணிப் பார்த்தால் அன்றி நல்ல பிழைவிடை பிறக்காது. 

நால்வர் கொண்ட குழு ஒன்று நெய்தறி என்னும் சொல்லை வினாவாக்க முனைகிறது என்று கொள்வோம். வினைத்தொகை என்பது விடை. பண்புத்தொகை, உம்மைத்தொகை என இரு பிழைவிடைகள் உடனே கிடைத்துவிடுகின்றன. ஆனால் அவற்றை எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார் எனக் குழுவில் ஒருவர் மறுக்கிறார். நெய்யும் பணிக்கான தறி என்று விரிக்கக்கூடியவர் எதனைத் தேர்வார் என்று கேட்கிறார் மற்றொருவர். அவருக்காக நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பதையும் சேர்த்துக்கொள்கின்றனர். அந்த விரி ஏன் பொருந்தாது என்பதைத் தாங்களே விளக்க வேண்டியிருக்கும் என்பதால், வினாவை அனுப்புமுன் நால்வரும் இலக்கணப் பகுதியை மீண்டும் திறக்கின்றனர்.